அவர் சொல்லாத ‘ஆம்’

என் பெயர், தந்தை பெயர், வீட்டு எண், தெரு ஆகியவற்றை எழுத்தர் இந்தத் தாளின் தலைப்பில் குறித்துக்கொண்டது சரியே. வயது ஐம்பத்திரண்டு. தொழில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும். நீதிமன்ற வாசலுக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் உள்ள பத்தடி அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவந்தேன். அந்தத் தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டைப்பம்மா என்று கேட்டால் கை காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், வக்கீல் யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைச் சொல்கிறேன்.

என் ஆங்கிலம் பள்ளியிலும், அதன் பிறகு தட்டச்சு, சுருக்கெழுத்துப் பரீட்சைகளுக்காகவும் படித்த ஆங்கிலம். மீதியைப் பத்திரங்களிலிருந்து கற்றுக்கொண்டேன். பத்திரங்களில் ‘ஹியர்பை’ வரும், ‘டியூலி’ வரும், ‘ஜாயின்ட்லி’ வரும். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசும் ஆங்கிலம் அவற்றில் வராது. ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆகும், ‘குவிக்’ என்பது ‘குவிக்லி’ ஆகும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஹார்ட்’ என்றால் கடினம், பலம். ஆகவே ‘ஹார்ட்லி’ என்றால் கடினமாக, பலமாக என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் வந்திருந்தால் அகராதியைப் பார்த்திருப்பேன். அகராதி என்னிடம் இருந்தது. கணினித் திரையின் உயரம் போதாமல் பத்து ஆண்டுகளாக அதற்கு அடியில் வைத்திருந்தேன்.

தமிழ் தெரியாத யாரையாவது விசாரிக்க வேண்டியிருந்தால் காவல் நிலையத்திலிருந்து என்னை அழைப்பது வழக்கம். அதற்கென்று எனக்கு ஓர் அனுமதி அட்டை கொடுத்திருந்தார்கள். சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி அளவில் அழைப்பு வந்தது. நான் சுருக்கெழுத்து நோட்டையும் இரண்டு பென்சிலையும் எடுத்துக்கொண்டு சென்றேன். அங்கே மேசைக்கு முன்னால், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் ஈரம் காயாத சுடிதாருடன் அமர்ந்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த பெரியவர் ஒருவரை அவர் வீட்டிலேயே தங்கிக் கவனித்துக்கொள்ளும் செவிலி அவர். தாய்மொழி வேறு. எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். அந்த வீட்டில் அவரை சிஸ்டர் என்று அழைத்ததால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

நடந்ததாக விசாரணை அதிகாரி என்னிடம் கூறியது வருமாறு. அன்று காலை பெரியவரைக் குளிப்பாட்டி நாற்காலியிலிருந்து தூக்கும்போது அவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மேல் கையில் நான்கு விரல் தடம் கன்றிப்போய் இருந்தது. பக்கத்து அறையில் அலுவலகத்துடன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்த மகன், சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, தந்தையை மருத்துவமனையில் சேர்த்த பிறகு சந்தேகத்தின் பேரில் புகார் கொடுத்திருக்கிறார். பெரியவருக்குப் பேச்சு வராது.

அதிகாரி என்னிடம், “நான் கேக்குறதை இங்கிலீஷ்ல கேளுங்க டைப்பம்மா. அவங்க சொல்றதை நீங்களே தமிழ்ல எழுதிடுங்க. என் கையெழுத்து எனக்கே புரியாது” என்றார். நான் அவ்வாறே கேள்விகளைக் கேட்டு, சிஸ்டர் சொன்னதை முதலில் ஆங்கிலத்திலேயே சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டு, பின்னர் அதைப் பார்த்துத் தமிழில் எழுதினேன். அந்த நோட்டை இன்று இந்த மேசையில் ஒப்படைத்திருக்கிறேன். அதில் ‘ஹார்ட்லி’ என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது.

முதல் இடம், பெரியவரின் உடல்நிலை பற்றிக் கேட்டபோது. அவரால் நிற்கவே முடியாத நிலை என்று சிஸ்டர் சொன்னார். அவரால் உறுதியாக நிற்க முடியும் என்று நான் எழுதினேன். இரண்டாவது, காலைச் சாப்பாடு. பெரியவர் சாப்பிட்டதாகவே சொல்ல முடியாது என்றார். நன்றாகச் சாப்பிட்டார் என்று எழுதினேன். மூன்றாவது, அந்த வாரம் பெரியவருக்கு இருமல் இருந்ததால் மூன்று இரவாகத் தமக்குத் தூக்கமே இல்லை என்றார். மூன்று இரவும் அயர்ந்து தூங்கினேன் என்று எழுதினேன். நான்காவது, துண்டை எடுக்க அப்படித் திரும்பியதும் திரும்பாததுமாகப் பெரியவரின் கால் வழுக்கியது என்றார். துண்டை எடுக்க வேகமாகத் திரும்பினேன், அதில் அவர் வழுக்கினார் என்று எழுதினேன்.

அதன் பிறகு, விழப்போனவரை ஒரு கையால் ‘ஹார்ட்’ ஆகப் பிடித்தேன் என்று அவர் சொன்னார். இங்கே சொல்லின் வாலில் ‘லி’ இல்லை. பலமாகப் பிடித்தேன் என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் நான் சரியாக எழுதிய வரி அது ஒன்றுதான். மற்ற வரிகளுக்கு நடுவில் அது இருந்ததால் அதுவும் அவருக்கு எதிராகவே நின்றது.

கடைசியாக அதிகாரி, “கோபத்துல தள்ளிவிட்டீங்களான்னு கேளுங்க” என்றார். நான் கேட்டேன். சிஸ்டர் என்னையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயின் ஓர் ஓரத்தில் லேசாகச் சிரித்து, ‘ஹார்ட்லி’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதிகாரி, “சிரிக்குது பாருங்க” என்றார். ஒற்றைச் சொல்லை வைத்து வாக்கியம் அமையாததால் நான் ‘ஆம், பலமாகத் தள்ளினேன்’ என்று எழுதினேன். அவர் சொன்னது ஒரு சொல். நான் எழுதியது மூன்று. அந்த ‘ஆம்’ அவர் வாயிலிருந்து வந்ததல்ல.

அவர் பேசும்போது தலையை இல்லை என்று ஆட்டியது எனக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் தலையை வேறு மாதிரி ஆட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்தபின் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. தமிழைப் பார்த்து மறுபடி ஆங்கிலமாக்குவதைவிட நோட்டில் இருந்த அவருடைய ஆங்கிலத்தையே படிப்பது எளிதாக இருந்ததால் நான் அதைப் படித்தேன். தாம் சொன்ன சொற்களையே தாம் கேட்டதால் அவர் ஒவ்வொரு வரிக்கும் சரி என்றார். பின்னர் தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுக்குக் கீழே தம் மொழியில் கையெழுத்திட்டார். என் கையைப் பிடித்து நன்றியும் சொன்னார். அவர் கை சில்லென்று இருந்தது. அன்று மாலையே அவரைக் காவலில் வைத்தார்கள்.

விசாரணை அதிகாரி மீது நான் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஏறத்தாழ ஒரே வகுப்போடு நின்றது.

அதன் பிறகு நான்கு மாதம் இந்த வழக்கை நான் நினைக்கவில்லை. பின்னர் ஒருநாள், பக்கத்துக் கடைத் தையற்காரப் பெண் ஒரு சீட்டுடன் வந்தார். புதிதாக வாங்கிய மின் தையல் இயந்திரம் பத்தே நாளில் நின்றுபோனதால் கடையிலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்து எழுதிக்கொடுத்த சீட்டு அது. அதில் ‘ஹார்ட்லி யூஸ்ட்’ என்றும், மேலாளரைப் பார்க்கவும் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துவிட்டு, “மிஷினை முரட்டுத்தனமா ஓட்டியிருக்கீங்கன்னு எழுதியிருக்கான்மா. மேனேஜரைப் பார்க்கணுமாம்” என்றேன். அவர், “பெட்டியைப் பிரிச்சே பத்து நாள்தான் ஆகுது. முரட்டுத்தனமா ஓட்ட இது என்ன லாரியா?” என்று சொல்லிவிட்டு, கத்திரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் நேரே அந்தக் கடைக்குப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் என் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அக்கா, நான் பாட்டுக்குப் போய்க் கத்தித் தொலைச்சிட்டேன். அந்த மனுசன் தண்ணி குடுத்து உட்கார வெச்சு, ‘நாங்க உங்களுக்குச் சாதகமாத்தானேம்மா எழுதியிருக்கோம்’ங்குறாரு. ஹார்ட்லின்னா அதிகமா ஓட்டினதுன்னு இல்லையாம். ஓட்டவே இல்லைங்குற மாதிரியாம். மிஷினை மாத்தித் தர்றாங்க. நல்லா இங்கிலீஷ் படிச்சீங்க போங்க” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் டீ வரவழைத்துக் குடித்தோம். அவர் போன பிறகு ஒரு குத்தகைப் பத்திரத்தில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்தேன். மூன்றாம் பக்கத்தில் சிஸ்டர் வாய் ஓரத்தில் சிரித்தது நினைவுக்கு வந்தது.

நான் கணினித் திரையைத் தூக்கி அகராதியை எடுத்தேன். அதில் அந்தச் சொல்லுக்குப் பலமாக என்ற பொருள் இல்லை. அரிதாக, ஏறக்குறைய இல்லை எனும்படி, அப்போதுதான் என்று இருந்தது. கேட்ட கேள்விக்குத் தனியாக அதை மட்டும் பதிலாகச் சொன்னால், அதெப்படி, இல்லவே இல்லை என்று பொருள் என ஓர் உதாரணத்துடன் போட்டிருந்தது. பின்னர் பழைய நோட்டைத் தேடி எடுத்து, ஐந்து இடங்களிலும் அந்தப் பொருளைப் பொருத்திப் படித்தேன். அப்படிப் படித்தபோது அது வேறொரு பெண்ணின் வாக்குமூலமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், “நீயா அவங்களைப் புடிச்சு உள்ள போட்ட? வக்கீல் இருக்காரு, கோர்ட்டு இருக்கு. அவங்க பார்த்துப்பாங்க. இருக்குற பேரைக் கெடுத்துக்காத” என்றார். அவர் சொன்னதால் நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. நான் கேட்க விரும்பியதையே அவர் சொன்னார். அட்டை போய்விடும், எதிர்க்கடைக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள் என்று எனக்கு இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் இப்படி இன்னும் எத்தனை எழுதினேனோ என்ற பயமும் இருந்தது. அது எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

நான் உண்மையை அறிந்ததிலிருந்து எட்டாவது நாள், காவல் நிலையத்திலிருந்து குற்றப்பத்திரிகையின் கைப்பிரதி சுத்தமாகத் தட்டச்சு செய்வதற்காக என் கடைக்கு வந்தது. கொண்டுவந்த காவலருக்கு எதுவும் தெரியாது. அதில் சிஸ்டரின் வாக்குமூலத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார்கள். ‘ஆம், பலமாகத் தள்ளினேன்.’ நான் அதை அறிந்தே தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லாமல் நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். காவலில் உள்ள நாட்கள் என்ற கட்டத்தில் நூற்று முப்பத்தொன்று என்று அடித்தேன். காவலர், “உங்க டைப்பிங்னா ஐயா ஒரு எழுத்துகூடப் பார்க்கமாட்டாரு, அப்படியே கையெழுத்துப் போடுவாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் கடையைத் திறந்து வைத்திருந்தேன். வேலை ஓடவில்லை. அந்தக் கட்டத்தில் இன்று அடித்தால் நூற்று முப்பத்திரண்டு, நாளைக்கு நூற்று முப்பத்துமூன்று என்று மனம் கூட்டிக்கொண்டே இருந்தது. பதினோராம் நாள் காலை, என் வீட்டுக்காரரிடம் நான் எதுவும் சொல்லாமல் கிளம்பினேன். அவர் என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். “பஸ் ஒன்பது இருபதுக்கு. விட்டா பதினொண்ணுக்குத்தான்” என்று மட்டும் சொன்னார்.

பெண்கள் காவல் இல்லத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் சிஸ்டரும் அமர்ந்தோம். இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். நான் நோட்டைத் திறந்து அவர் சொன்ன ஐந்து வரியையும் ஆங்கிலத்தில் படித்து, இவற்றுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். அவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்து, இவ்வளவுதான், இவ்வளவுகூட இல்லை என்று காட்டினார். கடைசி வரிக்கு மட்டும் விரலைக் காட்டவில்லை. அவரை நான் ஏன் தள்ளப்போகிறேன், அப்பா மாதிரி என்றார்.

அதன் பிறகு நான் எழுதியதை அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். முடிந்ததும், நீங்கள் எழுதிய பேப்பரில் எது ‘ஆம்’ என்று கேட்டார். கூடவே கொண்டுபோயிருந்த வாக்குமூல நகலை வலையில் ஒட்டிப் பிடித்துக் காட்டினேன். இரண்டே எழுத்துதானா என்று கேட்டுவிட்டு அதன் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஊரில் உள்ள தம் அக்காவைப் பற்றிச் சொன்னார். தாய் இறந்த பிறகு இவரைப் படிக்க வைத்தவர் அந்த அக்கா. நான் ஒன்றும் செய்யவில்லை என்று இவர் அழுதபோது, நீயே ஒத்துக்கொண்டாயாமே என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தவர், நான்கு மாதமாக எடுக்கவில்லை. கோர்ட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் அக்காவிடம் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று, சிஸ்டர் சொன்ன அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். அக்காவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். எனக்கும் அன்று அவ்வளவுதான் தெரிந்தது. பத்திரத்தில் படித்த சொல் எதையும் நான் தொடவில்லை. தங்கை தள்ளவில்லை, நான் தப்பாக எழுதினேன் என்று இரண்டே வாக்கியம் சொன்னேன். மறுபடி சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். பக்கத்தில் யாரையோ அழைத்து அவர் காதிலும் ஃபோனை வைத்து, இன்னொரு முறை என்றார். நான்கு முறை சொன்னேன்.

அன்றே சிஸ்டரின் இலவச வக்கீலைப் பார்த்து எழுத்து மூலம் கொடுத்தேன். அதன் பிறகு காவல் நிலையத்துக்குச் சென்று விசாரணை அதிகாரியிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நாலு பிரதி அடிச்சுக் குடுத்தீங்களே, அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அவர் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யாமல் நிறுத்தினார். வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து சிஸ்டரை மறுபடி விசாரித்தார்கள். குளியலறைத் தரையையும், விரல் தடத்தை அன்றே எடுத்திருந்த படங்களையும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்து, விழுகிறவரை மேலே இழுத்த தடம் அது என்று எழுதிக்கொடுத்தார்.

பெரியவரின் மகனை நான் நீதிமன்ற நடைவழியில் சந்தித்தேன். அவர், “நான் பார்க்கலைங்க. சத்தம்தான் கேட்டேன். சந்தேகம்தான் பட்டேன். அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு ஸ்டேஷன்ல சொன்னதும்தான் நம்பினேன்” என்றார். நான், “ஒத்துக்கிட்டது அவங்க இல்ல தம்பி, நான்தான்” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் புது நர்ஸ் சோறு ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, என்ன சொல்ல வருகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை என்றார். அன்று பிற்பகலே புகாரைத் திரும்பப் பெற்றார்.

நூற்று நாற்பத்தேழாம் நாள் சிஸ்டரை விடுவித்தார்கள். அவருடைய அக்கா வந்திருந்தார். நான் வாயிலுக்கு எதிரே நின்றேன். சிஸ்டர் தாமாகவே சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். இனி என்னைப் போன்றவர்களுக்கு எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. சரி என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அக்காவுடன் ஆட்டோவில் ஏறிப்போனார். மறுநாள் காலை நான் அனுமதி அட்டையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். இதுவரை நான் மொழிபெயர்த்த மற்ற வாக்குமூலங்களின் நோட்டுகள் நாற்பத்தொன்றையும் இத்துடன் கொண்டுவந்திருக்கிறேன். ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவர் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்பது இந்த மன்றத்தின் முடிவு.

இந்த ஏழு பக்கத்தையும் நானே வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சொன்னபடியே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் உண்டு. ஐந்தாம் பக்கத்தில், குற்றப்பத்திரிகையைத் தட்டச்சு செய்தது பற்றிய வரியில், எழுத்தர் என் மேல் இரக்கப்பட்டு ‘அறியாமல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. முதல் நாள் எழுதியது அறியாமல் எழுதியது. எட்டாம் நாள் அடித்தது அப்படியல்ல. அதை அடித்துவிட்டு ‘அறிந்தே’ என்று எழுதச் சொன்னேன். எழுதினார். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். மற்றபடி இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னதே, உண்மையே.

(ஒப்பம்)